சம்பளத்தோடு லீவு

ஒன்பது நாடுகளில் ஒரே சமயத்தில், ஒரே கேள்விகளை வைத்து, வீடு வீடாகப் போய்க் கேட்கும் கணக்கெடுப்பு அது. எந்த நாட்டில் சராசரிக் குடும்பம் எவ்வளவு சம்பாதிக்கிறது, அதை வைத்து எப்படி வாழ்கிறது என்று கடைசியில் ஒரு பட்டியல் போடுவார்கள். போன முறை எங்களுக்கு ஏழாவது இடம். இந்த முறை ஆறாவதாவது வந்துவிட வேண்டும் என்று எங்கள் மேற்பார்வையாளருக்கு ஒரே பரபரப்பு, ஏதோ அவரே ஓடி ஜெயிக்கப் போவது மாதிரி.

என் பங்குக்கு நாற்பது வீடுகள். கடைசி வீடு பஸ் டிப்போவுக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூச்சு வாங்க ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். திறந்தது எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா.

ஆறு வருடமாக, ஞாயிறு தவிர, காலை ஏழு மணிக்கு வந்து, பாத்திரம், துணி, தரை என்று எல்லாம் முடித்துப் பதினொன்றுக்குக் கிளம்புகிறவர். அவர் எங்கே குடியிருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தெரிந்தவர் வீடு வந்தால் அங்கே கேள்வி கேட்கக் கூடாது, அலுவலகத்தில் சொல்லி வேறு வீடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நான் திரும்பியிருக்க வேண்டும். இன்னொரு நாள் யார் அலைவது என்ற சலிப்பில், "உங்க வீடுதானாக்கா? பத்தே நிமிஷம், கொஞ்சம் கேள்விங்க" என்று உள்ளே போய்விட்டேன்.

ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் கட்டில். கட்டிலில் இடுப்புக்கு அகலமான பெல்ட் கட்டிக்கொண்டு அக்காவின் கணவர் சாய்ந்திருந்தார். லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் முதுகில் ஆபரேஷன்.

"யாரும்மா அது?"

"நான் வேலை செய்யற வீட்டு மேடம்" என்றார் அக்கா. குரல் ஏனோ இறங்கியிருந்தது.

மனிதர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்கதானா! உக்காருங்க மேடம், உக்காருங்க. ஏய், அந்த நாற்காலியத் தொடைச்சுப் போடு!"

இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து டேப்லட்டைத் திறந்தேன். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, தண்ணீர் உள்ளேயா வெளியேயா. எல்லாவற்றுக்கும் அவரே முந்திக்கொண்டு பதில் சொன்னார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

"வருஷத்துல ஒரு வாரம் வீட்ட விட்டு வெளியூர் போய்த் தங்க முடியுமா?" என்று கேட்டேன். ஒன்பது நாட்டிலும் கேட்கும் கேள்வி.

"ஆஸ்பத்திரியில ஒரு வாரம் தங்கினேனே, அது சேருமா?" என்று சொல்லிவிட்டு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

அடுத்தது வருமானம். "வீட்டுல யார் யார் சம்பாதிக்கிறீங்க? எத்தனை இடத்துல வேலை?"

"இவ ஒருத்திதான். ஒரே இடம், உங்க வீடு. உங்களுக்குத் தெரியாததா?" என்று ஒரு தொகையைச் சொன்னார். நாங்கள் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு.

என் விரல் திரைமேல் நின்றுவிட்டது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவர் அடுப்புப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் காலத்துல யாரு மேடம் அவ்வளவு தர்றாங்க? ஆபரேஷன் அப்போ பதினஞ்சு நாள் சம்பளத்தோட லீவு வேற குடுத்தீங்க. உங்களப் பார்த்தா ஒரு வார்த்தை சொல்லணும்னு எத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன் தெரியுமா?" கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது.

அந்தப் பதினைந்து நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. நாளொன்றுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்து, சம்பளத்தில் பிடித்தேன். அக்கா மிச்சத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

"பரவாயில்லண்ணே" என்றேன். அதுதான் என் வாயில் வந்தது. பரவாயில்லையாம்! கொடுக்காததற்கு நன்றியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அவர் சொன்ன தொகையை அப்படியே பதிந்தேன். வேலை எனக்குத் தெரிந்த நான்கு மணி நேரம், இரண்டு மடங்கு சம்பளம், சம்பளத்தோடு லீவு. டேப்லட் அந்த வீட்டை 'நல்ல நிலை' என்று பச்சை நிறத்தில் காட்டியது.

படியிறங்கும்போது அக்கா பின்னாலேயே ஓடி வந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மத்தியானத்துல ஆஸ்பத்திரியில வார்டு கழுவப் போறேன். சாயங்காலம் வரைக்கும் உங்க வீட்டுலதான் இருக்கேன்னு அவரு நெனச்சுக்கிட்டிருக்காரு. அவருகிட்டச் சொன்னா, நீ ரெண்டு எடத்துல சாகறப்போ நான் படுத்துக் கெடக்கவான்னு மூட்டை தூக்கக் கெளம்பிடுவாரு. அதான் எல்லாத்தையும் உங்க பேர்ல போட்டுட்டேன்."

"அந்த லீவு?"

"அப்ப எங்கெங்கயோ புரட்டினேன். அதையும் நீங்க குடுத்ததாச் சொல்லிட்டேன். உங்களுக்கு நல்ல பேருதானே மேடம்?"

மன்னிப்புக் கேட்டது அவர். கேட்டுக்கொண்டு நின்றது நான்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நம்ம தெருவுல எல்லாரும் அதே ரேட்டுதானே? நாம ஒண்ணும் கம்மியாக் குடுக்கலையே" என்றார். உண்மைதான். அதுவரை நானும் அதைச் சொல்லித்தான் நிம்மதியாக இருந்தேன்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் போய், கடைசிப் படிவத்தை ரத்து செய்யச் சொன்னேன்.

"ஏன்? அருமையா வந்திருக்கே. ஒரு வீடுதானேம்மா, சராசரியில கரைஞ்சு போயிடும்."

"தெரிஞ்சவங்க வீடு சார்."

"எப்படித் தெரியும்?"

பக்கத்து மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். தூரத்துச் சொந்தம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "எங்க வீட்டுல வேலை செய்யறவங்க. படிவத்துல இருக்கற சம்பளத்துல பாதிதான் நான் குடுக்கறேன். லீவுக்கும் பிடிச்சிருக்கேன்" என்றேன். காது மடல் வரை சுட்டது.

யாரும் என்னை ஏசவில்லை. மேற்பார்வையாளர் பேனாவை மூடித் திறந்தார். "எங்க வீட்டுக்கும் ஒருத்தங்க வர்றாங்க" என்று ஆரம்பித்து, அங்கேயே நிறுத்திக்கொண்டார். பிறகு படிவத்தை ரத்து செய்து, அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி வீட்டின் எண்ணைக் கொடுத்தார். மூன்றாம் மாடி எந்தப் பட்டியலிலும் வராது.

மறுநாள் காலை அக்காவை உட்காரச் சொல்லி, இந்த மாதத்திலிருந்து அவர் கணவர் சொன்ன அதே தொகை என்றேன். பிடித்த பதினைந்து நாளையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. யோசித்தார்.

"இத அவருகிட்டச் சொல்லவும் முடியாதே மேடம். ஏற்கெனவே இவ்வளவு வாங்கறேன்னுதானே நெனச்சுக்கிட்டிருக்காரு."

"சொல்ல வேணாம். மத்தியான வேலைய விட்டுடுங்க. வீட்டுல கொஞ்சம் படுங்க."

அக்கா புடவை முனையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார், கோபமே இல்லாமல்: "விட்டுட்டு, அப்புறம் நீங்க கொறைச்சுட்டீங்கன்னா?"

"குறைக்க மாட்டேன்" என்றேன். சொன்ன எனக்கே அதில் பலம் போதவில்லை.

"ரெண்டு மாசம் பாக்கறேன் மேடம்" என்று எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனார். பதினொரு மணிக்கு எப்போதும் போல, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார். நான் ஜன்னலில் நின்று, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் திரையை இழுத்துவிட்டேன்.