போட்டுடைச்சி

குளியலறை வாசலில் துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றாள் அவள். உள்ளே அவளுடைய அம்மா, பிளாஸ்டிக் தொட்டியில் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பிறந்து இரண்டு மாதமாகியும், பெற்றவள் தன் குழந்தையை நின்றபடி தூக்கியதே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, யாராவது மடியில் வைத்தால்தான் தொடுவாள்.

எல்லாம் ஒரு கண்ணாடிக் கூஜாவால் வந்த வினை. சின்ன வயதில் அதைக் கீழே போட்டுவிட்டாள். வீடே விழுந்து விழுந்து சிரித்து, ‘போட்டுடைச்சி’ என்று பெயர் வைத்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு அண்ணன் உடைத்த தம்ளருக்கும் அவள்தான் திட்டு வாங்கினாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களோடுதான் பிழைப்பு. ஒன்றுகூட அவள் கைதவறி விழுந்ததில்லை. விழாத குழாய்களை அவள் மூளை கண்டுகொண்டால்தானே! மூளை அப்படித்தான். தன்னைப் பற்றி ஒன்றை நம்பிவிட்டால், அதற்கு ஒத்துப்போவதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும், மற்றதைத் தள்ளிவிடும்.

குழந்தையைத் தொட்டியிலிருந்து தூக்கியபோது, சோப்புத் தண்ணீரில் அம்மாவின் கால் வழுக்கியது.

விழும்போதும் பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டார். வலது மணிக்கட்டு தரையில் மோதி மடங்கியது. சுவரில் சாய்ந்து கிடந்தவரின் இடது கையில் மட்டுமே இப்போது குழந்தை இருந்தது. உடம்பெல்லாம் நுரை. கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. கீழே குளியலறை வாசற்படியின் கூரான விளிம்பு.

“பிடிடி!”

அவள் பிடிக்கவில்லை. துண்டைப் போட்டுவிட்டுத் தெருவாசலுக்கு ஓடினாள். “அக்கா! பக்கத்து வீட்டு அக்கா! சீக்கிரம் வாங்க!”

“எங்கடி ஓடுற? பிள்ளை நழுவுது!”

“நான் தொட்டா விழுந்துடும்மா! உனக்குத்தான் தெரியுமே, என் கை...”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக அவரே சொல்லிச் சிரித்த பேச்சு அது.

“விழாது! நான் சொன்னதெல்லாம் தப்பு. வா, பிடி!”

ஓடிவந்து மண்டியிட்டாள். குழந்தையின் கழுத்தடியில் உள்ளங்கை போனதும் விரல்கள் தாமாகவே நிதானத்துக்கு வந்தன. தூக்கினாள். எழுந்து நின்றாள். குழந்தை வீறிட்டு அழுத பிறகுதான் அம்மாவுக்கு மூச்சே வந்தது.

“ஏதோ நல்ல நேரம்மா, விழல,” என்றாள் அவள்.

“கூஜா உடைஞ்சப்ப கெட்ட நேரம்னு சொன்னோமா? உன் கைன்னுதானே சொன்னோம்!” என்றார் அம்மா. “இப்ப பிடிச்சதும் அதே கைதான்டி.”

பக்கத்து வீட்டுப் பெண் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கத்துகிற குழந்தையின் கன்னத்தைத் தட்டி, “அடடா, சரியான பயந்தாங்கொள்ளியா இருக்காளே!” என்று சிரித்தாள்.

“அப்படிச் சொல்லாத!” அம்மா வெடுக்கென்றார். “இப்ப பயந்து அழறா, அவ்வளவுதான். அதையே பேரா வைக்காத. நாம விளையாட்டா வைக்கிற பேரைப் பிள்ளைங்க நிஜம்னு நம்பிடும். அப்புறம் ஆயுசுக்கும் அதை இறக்கி வைக்கத் தெரியாது.”

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. சங்கடத்தோடு கையை நீட்டினாள். “குடும்மா, பாப்பாவை நான் வச்சுக்கிறேன்.”

“வேண்டாங்க்கா, நானே வச்சுக்கிறேன்,” என்றாள் அவள். “நீங்க அம்மாவைத் தூக்கிவிடுங்க.”