இல்லாத கட்டிக்கு ஆபரேஷன்

கட்டி கரைந்துவிட்டதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். நாலாவது கேன்சர் ஊசி போட்டு, சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த மறுவாரம், என் மனைவி சலீமாவின் இடது மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது கைக்கே அகப்படவில்லை. ஆறாவது ஊசி முடிந்ததும் ஆடு அறுத்து, தர்காவில் நேர்ச்சைச் சோறு ஆக்கித் தெருவுக்கே போட்டேன். இந்தக் கமருஸ்ஸமான் பெண்டாட்டிக்கு நோய் போய்விட்டது என்று என் செருப்புக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அடுத்த வாரமே டாக்டர் சிவசங்கரி மார்பை எடுக்க நாள் குறித்தார். கட்டியே இல்லையே, எதை எடுப்பீர்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். ஊசிக்குப் பிறகு ஆபரேஷன் என்று முதல் நாளே சொன்னேனே என்றார். சொல்லியிருக்கலாம்; அன்று என் காது எங்கே இருந்ததோ.

கைக்குத் தெரியாமல் நாலு செல் மிச்சமிருந்தாலும் மறுபடி முளைக்குமாம். நோய் ஆரம்பத்திலேயே அகலமாகப் பரவியிருந்ததால் சுற்றியுள்ள நல்ல சதையோடு, அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். காகிதத்தில் படம் போட்டும் காட்டினார். நல்ல சதை என்ன பாவம் செய்தது? என் மண்டையில் ஏறவில்லை.

கத்தி பட்டால் பரவிவிடும் என்றான் மச்சான் ஹாதி. அது கட்டுக்கதை என்றார் டாக்டர். சம்மதப் படிவம் பத்து நாள் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. சோறு தின்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றும் யோசித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் காலையில் சலீமாவே அதை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க யோசிச்சிக்கிட்டே இருங்க. நான் போட்டுட்டேன்," என்றாள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. உள்ளே வர அவளுக்குத் தைரியமில்லை. நான் மட்டும் போனேன். எடுத்த சதையில் எங்கேயும் கேன்சர் இல்லை என்று டாக்டர் சிரித்த முகமாகச் சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அப்ப எதுக்கு வெட்டுனீங்க?"

"எடுத்துப் பாத்ததாலதான் இல்லன்னு தெரியுது. எடுக்காம விட்டிருந்தா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

சரிதான் என்று பட்டது. எங்கேயோ சரியில்லை என்றும் பட்டது. சந்தோஷப்படுவதா சண்டை போடுவதா என்று புரியாமலே வெளியே வந்தேன்.

பெஞ்சில் இருந்த சலீமா என் முகத்தைப் பார்த்து, "இருந்துச்சா?" என்றாள்.

"இல்ல. சுத்தமா இல்லியாம்."

முடி கொட்டியபோதும், கட்டுப் பிரித்த அன்றும் அழாதவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நோய் போனதற்கா, மார்பு போனதற்கா? எனக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது. கேட்டே விட்டேன்.

"எனக்குத் தெரியலீங்க," என்றாள். "நீங்க எதுக்கு அழுவுறீங்க?"