மூன்று கால் நாயை வரைந்தது யார்?

1

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. எழுதச் சொன்னார்கள். மினசோட்டாவில் ஏரிக்கரையில் ஒரு தொடக்கப்பள்ளி என்று சொன்னால் எதையும் சொன்னதாகாது, இங்கே தடுக்கி விழுந்தால் ஏரிதான். அந்தப் பள்ளியில் நான் நூலகர். கதை எழுதுகிறவள் என்ற கெட்ட பெயரும் உண்டு. அதை நம்பித்தான் தலைமையாசிரியர் பெக் என்னைப் பிடித்தார்.

"இணையப் பாதுகாப்பு வாரம் வருதுல்ல, பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்ட சின்னதா ஒரு கதை வேணும். அஞ்சாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு படத்தைக் காப்பி அடிச்சு மாட்டிக்கிச்சே, அதையே எழுதுங்களேன். பேரை மட்டும் மாத்திடுங்க."

"முடிவு?"

"என்னங்க கேள்வி? திருந்திடணும்!"

2

முதல் தொடக்கம்: 'டெஸ்ஸா என்றொரு சிறுமி இருந்தாள். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம்' (என்ன கெட்ட பழக்கம்? கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'ஹால்வர்சன் டீச்சர் நல்லவர். ஆனாலும்' (இந்த 'ஆனாலும்' வந்துவிட்டால் மனிதரைக் கிழிக்காமல் விடாது. அவர் உண்மையிலேயே நல்லவர்.)

மூன்றாவது: ஹால்வர்சன் டீச்சர் தன் ஐந்தாம் வகுப்பை வரிசையாக நிற்கவைத்து, கையில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து, பள்ளியின் இணையக் கணக்கில் போட்டார். அட்டையில் இப்படி எழுதியிருந்தது: 'ஒரு படம் எவ்வளவு தூரம் போகும் என்று என் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். தயவுசெய்து எல்லோருக்கும் அனுப்புங்கள். எந்த ஊர் என்றும் எழுதுங்கள்.'

இதையே வைத்துக்கொள்கிறேன். இங்கே டீச்சர்கள் பலரும் செய்கிற பாடம்தான். யோசிக்காமல் பகிராதே என்று சொல்லிக்கொடுப்பதற்காக, யோசிக்காமல் பகிருங்கள் என்று ஊர் உலகத்தைக் கெஞ்சுவது. இதில் என்ன தப்பு என்று கேட்டால் டீச்சருக்கே முகம் வாடிவிடும். நான் கேட்கவில்லை.

3

அந்தப் படத்தில் டெஸ்ஸா இல்லை. அவள்தான் படம் எடுத்தவள்.

டெஸ்ஸாவும் அவள் அம்மாவும் வேறொரு மாநிலத்திலிருந்து ஓடிவந்தவர்கள். அப்பா கிட்டேயே வரக்கூடாது என்பது கோர்ட் உத்தரவு. உத்தரவை அவர் படித்தாரோ என்னவோ, இரண்டு ஊர்களில் தேடிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அம்மாவும் மகளும் மூட்டை கட்டினார்கள். அதனால் பெக் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு அழுத்தமாகச் சொல்லியிருந்தார். "இந்தப் பொண்ணோட போட்டோ, பேரு எதுவும் வெளிய போகக்கூடாது."

ஆகவே எப்போது படம் எடுத்தாலும் கேமரா அவள் கையில். பிள்ளைகள் அவளை 'போட்டோக்காரி' என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. இந்த ஊரில்தான் முதன்முதலாகத் தன் அளவுக்குப் பனிக்காலணி வாங்கியிருந்தாள். மற்ற ஊர்களில், வாங்கி என்ன பிரயோசனம் என்று அம்மா விட்டுவிடுவாராம்.

(படத்தில் அவள் முகம் இல்லை, பெயர் இல்லை. பிள்ளைகளுக்குப் பின்னால் சுவரில் 'எங்கள் சொந்தப் படைப்பு' பலகை இருந்தது. அதன் நடுவில், முதல் பரிசு நீல ரிப்பனோடு, அவள் வரைந்த மூன்று கால் நாய், பழைய வீட்டில் விட்டுவந்த அதே நாய், சிரித்துக்கொண்டிருந்தது. அதை யாருமே கவனிக்கவில்லை. நானும்தான்.)

4

பெரிய திரை நூலகத்தில் இருப்பதால் பாடம் என் கண்முன்னே நடந்தது. படத்துக்கு வரும் பதில்களை டீச்சர் திரையில் காட்டுவார். எந்த ஊரோ அந்த ஊரில், வரைபடத்தில் ஒரு பிள்ளை ஊசி குத்தும். பள்ளிக் கணக்கிலிருந்து நன்றி சொல்லிப் பதில் எழுதுவது இங்க்ரிட் என்ற மாணவி. தட்டச்சில் புலி. தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பும் உண்டு.

"டீச்சர், நார்வேல இருந்து!"

"டேய், தள்ளுடா, நான்தான் குத்துவேன்!"

அப்போது ஒரு பதில் வந்தது. முகப்புப் படத்தில் பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள், தொப்பிக்கு அடியில் பாதி முகம். (இங்கே ஆண்களில் பாதிப்பேர் இப்படித்தான் மீனோடு நிற்கிறார்கள். மீனை வைத்து யாரையும் சந்தேகப்பட முடியாது.) எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'பின்னால் இருக்கும் மூன்று கால் நாய் அருமை. வரைந்த குழந்தையின் பெயர் என்ன?'

பெயருக்குக் கீழே ஊர், டெஸ்ஸா விட்டு ஓடிவந்த அதே மாநிலத்தில்.

"வரைஞ்சவங்க பேரைப் போடணும்னு போன வாரம் படிச்சோமே டீச்சர்," என்றாள் இங்க்ரிட். "போடலேன்னா அது திருட்டு மாதிரி."

"சபாஷ்! ஞாபகம் வச்சிருக்கியே," என்றார் டீச்சர். பாடம் பலித்த சந்தோஷத்தில் வேறெதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

இங்க்ரிட் 'டெ' வரை அடித்துவிட்டாள். நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள்

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. முடித்தால் நான் ஏதோ செய்து காப்பாற்றியதுபோல் ஆகிவிடும்.)

5

"நான் வரையல!"

டெஸ்ஸாதான். எழுந்து நின்றுவிட்டாள். கண் மீன்காரனை விட்டு நகரவில்லை.

"என்னம்மா சொல்ற?"

"அது என்னோடது இல்ல டீச்சர். காப்பி அடிச்சேன். ஏதோ ஒரு புத்தகத்துல இருந்து."

"அய்யே! அப்போ ரிப்பன் வாங்கினது?" என்றான் ஒருவன்.

"பொய்க்காரி!"

டீச்சர் முகம் தொங்கிப்போயிற்று. "உன்கிட்ட இதை எதிர்பார்க்கல டெஸ்ஸா," என்றார். பிறகு அவளை நிற்கவைத்தே, அடுத்தவர் உழைப்பை மதிப்பது பற்றி வகுப்புக்கே ஒரு பாடம் எடுத்தார். நல்ல பாடம். ரிப்பன் கழற்றப்பட்டது. இங்க்ரிட் 'டெ'யை அழித்துவிட்டு, 'நகல் எடுக்கப்பட்டது. வரைந்தவர் தெரியவில்லை. மன்னிக்கவும்' என்று பணிவாகப் பதில் அனுப்பினாள்.

மறுநாள் அந்தப் படத்தையே பள்ளி நீக்கிவிட்டது. எந்தப் புத்தகக் கம்பெனி வழக்குப் போடுமோ என்று பெக்குக்கு உதறல். அதற்குள் அது எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. டீச்சரின் சோதனை பிரமாதமான வெற்றி.

6

பெக் கேட்ட முடிவு: டெஸ்ஸா மன்னிப்புக் கேட்டு, சொந்தமாக ஒரு பூ வரைகிறாள்.

என் வாசக நண்பர்கள் விரும்பும் முடிவு: உண்மை வெளிப்படுகிறது, டீச்சர் அழுகிறார், ரிப்பன் திரும்பி வருகிறது. (உண்மை வெளிப்பட்டால்தானே ஆபத்து? யோசித்துவிட்டு விரும்புங்கள்.)

மீன்காரர் வெறும் நாய்ப்பிரியர் என்ற முடிவும் இருக்கிறது. இருக்கலாம். அவர் நல்லவரா என்று சோதித்துப் பார்க்க என்னிடம் இன்னொரு டெஸ்ஸா இல்லை.

7

சில நாள் கழித்து ஒரு மதிய இடைவேளையில் டெஸ்ஸா நூலகத்துக்கு வந்தாள்.

"எந்தப் புத்தகத்துல இருந்துடி காப்பி அடிச்ச?" என்றேன். அந்த நாயை அவள் என் மேசையில் உட்கார்ந்துதான் வரைந்தாள். பக்கத்தில் ஒரு புத்தகமும் இல்லை.

அவள் சிரிக்கவில்லை. "என்னைப் பத்திக் கதை எழுதுறீங்களாமே?"

"யார் சொன்னது?"

"இங்க்ரிட். அவளுக்குத் தெரியாதது உண்டா?" கொஞ்சம் தயங்கினாள். "காப்பி அடிச்சவள்னே எழுதிடுங்க."

"நிஜமா?"

"ம். நாய்க்கும் நாலு கால் வச்சிடுங்க."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன். வக்கீலுக்குப் போன் பண்ணாங்க. பெட்டியை எடுத்துக் கட்டில் மேல வச்சிருக்காங்க. இன்னும் எதுவும் அடுக்கல." காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

8

பெக்கிடம், கதை வரவில்லை என்று கைவிரித்துவிட்டேன். "இவ்வளவு சின்ன விஷயம் கூடவா வரல?" என்றார்.

உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைக்கிறது, நானும் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். அதனால் கேளுங்கள்: அவள் டெஸ்ஸா இல்லை. ஏரி இருக்கிறதா என்பதே சந்தேகம். நாய்க்கு மூன்று கால் இல்லை, அது நாயும் இல்லை. அதன் பெயர் எனக்குத் தெரியும், அழகான பெயர். இந்த இடத்தில் சொன்னால் கதை எங்கேயோ போய்விடும். எங்கேயும் போக வேண்டாம்.

பெட்டி இன்னும் கட்டில் மேல்தான் இருக்கிறது. அதை அடுக்குவதா, பரணில் திரும்ப வைப்பதா என்பது என் கையில் இல்லை. நாளைக்கே உங்கள் திரையில் யாராவது, நல்ல மனிதராகவே, ரொம்பப் பணிவாகவே கேட்கலாம்: வரைந்தது யார்?

இங்க்ரிட்டின் இடத்தில் இப்போது நீங்கள். அடியுங்கள்.