ரசமட்டம் பார்த்த பேருந்து

என் கணவர் கட்டிய சுவர் எதுவும் இதுவரை ஒரு நூல்கூடச் சாய்ந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் அவருக்கு நான் செய்யும் மரியாதை. ஏனெனில் இனிச் சொல்லப்போவது அவர் கோணலாகச் செய்த ஒரே வேலையைப் பற்றியது.

அவர் கட்டட மேஸ்திரி. என் அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பள்ளிக்கூடம் புதிய வண்டிகளை வாங்கியபோது, தான் ஓட்டிய பழைய மஞ்சள் பேருந்தை அக்காவே விலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு அதிலேயே குடியிருக்கப்போவதாக அறிவித்தாள்.

"வீடுன்னா அஸ்திவாரம் வேணும்க்கா. சக்கரம் வெச்சா அதுக்குப் பேரு வண்டி" என்றார் அண்ணன். அவர் அக்காவுக்குத் தம்பி, எனக்கு மூத்தவர்.

"அஸ்திவாரம் போட்ட வீட்டுல இருந்துதாண்டா என்னை வெளிய போகச் சொன்னாங்க."

தன் கணவர் வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட பிறகு அக்கா அண்ணனின் வீட்டுப் பின்னறையில்தான் இருந்துவந்தாள். அங்கே யாரும் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த வீட்டின் ஏணியும் பழைய மின்விசிறிகளும் அதே அறையில்தான் கிடந்தன. ஏணி தேவைப்பட்டவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். அக்கா தலை துவட்டிக்கொண்டிருந்தாலும் சரி, அழுதுகொண்டிருந்தாலும் சரி, ஏணிக்கு அது தெரியாதல்லவா?

பேருந்தைக் குடியிருக்கும் வண்டியாக மாற்றினால், வாகனச் சோதனை அதிகாரி பார்த்து ஒப்புதல் தரவேண்டும். சோதனைக்கு நாள் குறித்ததும் அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார்.

"தேறலேன்னா பஸ்ஸை உடைக்கப் போட்டுட்டு என் வீட்டுக்கே வந்துடணும். பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன்" என்றாள் அக்கா.

வேலை எங்கள் வாசலிலேயே நடந்தது. சக்கரங்கள் உருளாதபடி அண்டைக்கல் கொடுத்து, முன்பக்கம் தெருவைப் பார்க்க வண்டியை நிறுத்தினோம். மேடைக்குச் செங்கல் கட்டலாமா என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். "மேஸ்திரி, இது ஓடணும்" என்று அக்கா நினைவூட்டினாள். அதன்பின் அவர் மரத்திலும் தகட்டிலும் வேலையைத் தொடர்ந்தார். அடுப்பு மேடை, கைகழுவும் தொட்டி, அலமாரிகள், கட்டில் என ஒவ்வொன்றையும் பொருத்தும்போது, உள்ளே நீர்க்குமிழி ஓடும் ரசமட்டத்தை அதன்மேல் வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்ற பிறகே திருகை முடுக்கினார். கட்டிலின் இரும்புக் கால்களைத் தரையோடு பற்றவைக்கவும் செய்தார்.

சோதனைக்கு முதல்நாள் காலை வெள்ளோட்டம் விட்டோம். கழற்றாமல் விட்ட இரண்டு இருக்கைகளில் அண்ணனும் நானும் அமர்ந்தோம். என் கணவர் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளையாட்டு மைதானத்தை ஒட்டிய சமமான சாலையில் வண்டியை நிறுத்திய அக்கா, தன் வீட்டின் முதல் தேநீரைப் போட எழுந்தாள். மேடையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அது யாரும் தொடாமலேயே பின்பக்கமாக உருண்டு கீழே விழுந்தது. தரையில் விழுந்ததும் அசையாமல் நின்றுவிட்டது.

அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. தொட்டியில் விட்ட தண்ணீர் வடிதுளையை எட்டிப்பார்க்காமல் பின்மூலையில் தேங்கியது.

என் கணவர் எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரசமட்டத்தை எடுத்து மேடைமேல் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. தரையில் வைத்தார். நடுவில் நின்றது.

எங்கள் வாசல் மழைநீர் வடிவதற்காகத் தெருப்பக்கம் சரிந்திருக்கும். அந்தச் சரிவை அவரே போட்டார். அதன்மேல் வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றிருக்க, அவர் உள்ளே எல்லாவற்றையும் பூமிக்கு மட்டமாக வைத்துவிட்டார். கட்டிய இடத்தைவிட்டு நகராத வீடுகளையே வாழ்நாளெல்லாம் கட்டியவருக்கு, வண்டியின் தரைக்கு மட்டமாக வைக்கவேண்டும் என்பது தோன்றவில்லை.

"நான் வெச்சது எதுவும் கோணல் இல்லை அண்ணி" என்றார், மிகச் சன்னமான குரலில்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க கூடத்தைக் கோணலா நிறுத்திட்டு, நேரா ஆடியிருக்கீங்க மேஸ்திரி."

அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் குரல் தணிந்தது. "ஒரே நாள்தான்க்கா இருக்கு. பின்ரூமைக் கூட்டி வைக்கச் சொல்லட்டுமா?" அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

அக்கா குனிந்து பழத்தை எடுத்தாள். அதைக் கையில் உருட்டிக்கொண்டே என் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஸ்பேனரை எடுங்க."

"வாசலுக்குப் போயிடலாம் அண்ணி. சாமானெல்லாம் அங்கதான்..."

"அந்த வாசல் பக்கமே போகவேண்டாம். இங்கேயே கழட்டுங்க."

ரசமட்டத்தை அவர் கையிலிருந்து வாங்கி, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தள்ளினாள். குதிகாலால் தரையைத் தட்டிக் காட்டினாள். "இனிமே உங்களுக்குப் பூமி இதுதான்."

துடைப்பக் கம்பு ஒன்றை இடுப்பளவுக்கு வெட்டி அதையே அளவுகோலாக்கினாள். தரையில் ஊன்றி, எட்டிய உயரத்தில் கோடு போட்டுக்கொண்டே போனாள். என் கணவர் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் முதலில் தடுமாறினார். இரண்டு திருகுக்கு ஒருமுறை இருக்கைக்கு அடியில் எட்டிப்பார்த்தார். தொட்டியைத் தாங்கிப்பிடிக்க ஆள் தேவைப்பட்டது.

"சிரிச்சது போதும். பிடிடா" என்றாள் அக்கா.

"நானா? நான் எதிர்க்கட்சிக்கா."

"எதிர்க்கட்சிக்குத் தோள் இல்லையா?"

அண்ணன் தோள் கொடுத்தார். நான் உள்ளங்கையில் திருகுகளை ஏந்திக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு அலமாரி பொருந்தியதும் அக்கா அதன் கதவைத் திறந்து, மூடி, கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். திறந்துகொண்டால் மறுபடியும் கழற்றச் சொன்னாள். யாரும் முகம் சுளிக்கத் துணியவில்லை. வெளிச்சம் குறைவதற்குள் மேடையும் தொட்டியும் அலமாரிகளும் நேராகிவிட்டன. கட்டிலைத்தான் ஒன்றும் செய்ய இயலவில்லை. தரையோடு பற்றவைத்தது பெயர்ந்து வருமா?

மறுநாள் அதிகாரி வண்டியை ஓட்டிப் பார்த்தார். சட்டென்று பிரேக் போட்டுப் பார்த்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. தொட்டித் தண்ணீர் ஒழுங்காக வடிந்தது. திருப்தியுடன் கட்டிலில் அமர்ந்தவர், மெல்லக் கால்மாட்டுப் பக்கமாக நகர்ந்தார்.

"என்னம்மா, கட்டில் சரிவா இருக்கு?"

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"மேஸ்திரி தப்பா அளந்துட்டார் சார். ஆனா தலைமாடு ஒசரமாத்தானே இருக்கு, படுத்துக்குவேன்."

"கழண்டு வராதே?"

"நீங்களே ஆட்டிப் பாருங்க."

அவர் ஆட்டினார். வண்டிதான் ஆடியது, கட்டில் அசையவில்லை.

"சரி. தூக்கம் உங்க பாடு" என்று ஒப்புதல் தந்தார்.

மாலையில் வண்டி மீண்டும் எங்கள் வாசலுக்கு வந்தது. அக்கா கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது கேட்டது. சற்றுப்பொறுத்து அண்ணன் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"என்ன வேணும்?"

"டீ."

"இரு, வர்றேன்."

உடனே வரவில்லை. நாங்கள் மூவரும் வெளியே காத்துநின்றோம்.

உள்ளே போனதும் அக்கா பழத்தை மேடையில் வைத்தாள். இம்முறை அது ஓட்டுநர் இருக்கையை நோக்கி உருண்டது. என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு கட்டிலில் அமர்ந்தார். பிறகு நிமிர்ந்து கட்டிலைத் தடவிப்பார்த்தார்.

"இங்க கட்டில் மட்டும் நேரா இருக்கு அண்ணி. அறுத்து மாத்தி வெச்சுடட்டுமா?"

அக்கா பழத்தை எட்டிப் பிடித்தாள்.

"வேண்டாம். இந்த வாசலுக்கு வர்றப்ப நேரா படுத்துக்கறேன்."

"நாளைக்கே கிளம்பறியா?" என்றார் அண்ணன்.

"வெளிச்சம் வந்ததும்."

மேடையில் வைத்தால் சரியும் என்பதால், குடித்து முடிக்கும்வரை கோப்பைகளை நாங்கள் கையிலேயே வைத்திருந்தோம்.