எழுந்திருக்காத பொம்பளை

“இவ்ளோதானா வைத்தியம்?” என்று சொக்கம்மாள் அக்கா வாய்விட்டே சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பச்சைத் துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் கால் ஒடிந்த ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் பயிற்சி சொல்லித்தரும் பெண் பாதிக் குரலில்தான் பேசினாள். “ஒண்ணுக்கு வரும்போது அடக்குவீங்க இல்ல, அதே மாதிரி இறுக்கிப் பிடிங்கம்மா. எவ்ளோ வாட்டி முடியுதோ அவ்ளோ நல்லது.” பாவம், நல்ல பிள்ளை. வெளியே வரிசை நீண்டிருந்தது, அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டிய அவசரம் அவளுக்கு.

திரும்பி வரும்போது பஸ் காலியாக இருந்தும் அக்கா உட்காரவில்லை. எப்போதுமே உட்கார மாட்டாள், எழுந்திருக்கும்போது சீட்டு நனைந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காதில் சொன்னாள். “அடக்குறதுக்கு எனக்கே சொல்லித் தர்றா மலிகா! எறா கொட்டாய்க்கு வந்த நாள்லருந்து அத்தத்தானே பண்ணிகினு கீறேன்.”

உண்மைதான். காசிமேட்டுக் கொட்டாயில் ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, சின்னப் பலகையில் நாள் முழுக்கக் குந்தி எறா உரிக்கிறவர்கள் நாங்கள். கக்கூஸ் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிறது. தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி போனால் இன்னொருத்தி காவல் நிற்க வேண்டும், இரண்டு பேர் எறாவும் எடையில் குறையும், கூலியும் குறையும். அதனால் காலையில் டீயோடு சரி, யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. மேஸ்திரி சுப்பராயன் புதிதாக வருகிறவர்களிடம் அக்காவைத்தான் காட்டுவார். “தோ பாரு, சொக்கம்மா. குந்துனா குந்துனதுதான். எழுந்திருக்காத பொம்பள.” அக்காவுக்கு அதில் அப்படியொரு பெருமை. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு வந்து குந்தியவள் அவள்.

சில வருஷமாகவே தும்மினால், சிரித்தால், எறா டப்பைத் தூக்கினால் ஒண்ணுக்கு சொட்டிக்கொண்டிருந்தது. கொட்டாயில் யாருக்கும் தெரியாது, எறா நாற்றம் எல்லாவற்றையும் மூடிவிடும். பக்கத்தில் குந்தியிருக்கும் எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும். இப்போது ஒரே மகள் சங்கமித்ரா மாசமாக இருந்தாள். எம்.கே.பி. நகரில் வாழ்க்கைப்பட்டவள். வளைகாப்பு முடிந்ததும் மகளைத் தலைப்பிரசவத்துக்குத் தன் வூட்டுக்குக் கூட்டி வர வேண்டும், பிள்ளையைத் தன் மடியில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். அதற்குள் இந்த ஈரம் நிற்க வேண்டும். அக்கா ஆஸ்பத்திரிப் படியேறியதே இதற்காகத்தான்.

மறுநாளே வைத்தியம் ஆரம்பமானது. வந்தபோது அடக்கினாள், முட்டியபோதும் அடக்கினாள், வீட்டுக்குப் போயும் அடக்கினாள். மதியம் கக்கூஸுக்குக் கூப்பிட்டால், “மருந்து வேல செய்யும்போது கீய எறக்கி வுடச் சொல்றியா?” என்பாள். அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாள். கல் என்றால் பலம் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். குளிர் காய்ச்சல் வந்தது. மருந்து பிடிக்கிறது என்றோம். எங்கள் புத்தியை என்னவென்று சொல்ல!

வளைகாப்பன்று மாப்பிள்ளை வீட்டு நடுக்கூடத்தில் பாய் போட்டிருந்தார்கள். அக்கா மகள் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு, கையைப் பிடித்து வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். யாரோ மாப்பிள்ளையைக் கேலி செய்ய, கூடமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சொட்டு இல்லை, அடக்கி வைத்த அத்தனையும் பாயில் ஓடியது. சம்பந்தியம்மாள் புடவையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். அக்கா மட்டும் அப்படியே குந்தியிருந்தாள், அடுத்த வளையலை எடுத்து மாட்டினாள்.

“எம்மா, எழுந்திரும்மா,” என்றாள் சங்கமித்ரா.

மகளை அனுப்ப மாட்டேன் என்று சம்பந்தியம்மாள் முகத்தில் அடித்த மாதிரி சொல்லவில்லை. “உங்களுக்கே ஒடம்பு சரியில்ல, அவ இங்கயே இருக்கட்டும்,” என்று நல்லவிதமாகத்தான் சொன்னாள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது பயிற்சி சொல்லித்தந்த பெண் பதறிப்போனாள். “ஐயோ, நிஜமாவே அடக்கச் சொல்லலம்மா. வந்தா உடனே போயிடணும். சும்மா இருக்கும்போதுதான் இறுக்கி, இறுக்கி விடணும்.” டாக்டரம்மா பார்த்துவிட்டு, மூத்திரப்பை தளர்ந்துவிட்டது, கர்ப்பப்பையும் அடி இறங்கிவிட்டது, ஆபரேஷன்தான் என்றார். செய்தாலும் இனிமேல் குந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது.

“குந்தாம எப்டிம்மா எறா உரிக்கிறது?” என்று அக்கா கேட்டாள். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பேத்தி பிறந்து ஒரு மாதமாகிறது. அக்கா ஆபரேஷனும் செய்துகொள்ளவில்லை, பேத்தியைப் பார்க்கவும் போகவில்லை, கொட்டாயில்தான் குந்துகிறாள். இன்று மதியம் சங்கமித்ரா வீடியோவில் கூப்பிட்டாள். “இன்னிக்காவது வாம்மா. யாரும் ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க. வந்து தூக்கிக்கோம்மா.”

“எறா ரொம்ப வந்துகீதும்மா. இன்னொரு நாளு பாக்கலாம்,” என்றாள் அக்கா.

போனில் குழந்தை பெரிதாகக் கொட்டாவி விட்டது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுப்பராயன் டியூபைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டு வந்தார். எறாத் தலைகளையும் ஓடுகளையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் எங்கள் பலகைகளுக்கு அடியில் புகுந்தது. நான் புடவையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். அக்கா போனை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரிலேயே குந்தியிருந்தாள்.