பின்வாரின் மடிப்பு

வாடகைக் குதிரை வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அவளை வார்க்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சந்தை மேட்டில், லாயத்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் குடியிருந்து, இருபத்திரண்டு வருடமாகச் சேணமும் வாரும் தைத்துக்கொண்டிருந்தாள். லாயத்தில் முப்பத்தாறு வண்டிகள். கழுத்துப்பட்டையிலிருந்து கடிவாள வார் வரை அவள் கைபடாத தோல் அங்கே கிடையாது. ஆனால் குதிரை என்றால் அவளுக்குப் பயம். அளவெடுக்கப் போனால் இரண்டு பேர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"எங்க அக்காவுக்கு இங்க இருக்கிற எல்லாக் குதிரையோட இடுப்பளவும் மனப்பாடம். ஆனா ஒரு குதிரை மூஞ்சியையாவது நேரா பார்த்திருக்காளான்னு கேளுங்க" என்று அவள் தம்பி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

தம்பியும் அதே லாயத்து வண்டிக்காரன். வாய் ஓயாதவன். சவாரி இல்லாதபோது அக்காவின் அறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். மெழுகு பூசி வைத்திருக்கும் நூலைச் சிக்கலாக்குவான், திட்டு வாங்குவான், மறுநாளும் வருவான். இளவட்டமாக இருந்தபோது இரண்டொரு முறை மற்ற வண்டிகளோடு பந்தயம் விட்டிருக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டான். பேர் மட்டும் அவனை விடவில்லை.

ஒரு காலை, மழை விட்ட கையோடு, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை ஏற்றிக்கொண்டு சந்தை மேட்டிலிருந்து ரயிலடிக்கு இறங்கினான். பாதி இறக்கத்தில் வண்டி கட்டுக்கடங்காமல் ஓடி, வளைவில் இருந்த கல்சுவரில் மோதிக் கவிழ்ந்தது. வாத்தியாருக்குக் கால் முறிந்தது. குதிரை சிராய்ப்புகளோடு தப்பியது. வண்டிச் சட்டம் தம்பியின் நெஞ்சில் விழுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டான்.

"வண்டி பயங்கர வேகமா வந்துச்சு. அது மட்டும்தான் எனக்கு ஞாபகம்" என்றார் வாத்தியார். அவர் பொய் சொல்லவில்லை.

தம்பியை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தபோது லாயமே திரண்டு வந்து நின்றது. வார்க்காரம்மா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "எத்தனை தடவை சொன்னேன்டா, மெதுவா ஓட்டுடான்னு. கேட்டியாடா? உன் அவசரமே உன்னைக் கொண்டுபோயிடுச்சேடா."

தம்பி மனைவி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையை நிமிர்த்தி நாத்தனாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்துகொண்டாள்.

கூடப்பிறந்த அக்காவே சொல்லிவிட்டாள். அப்புறம் ஊர் வேறு என்ன சொல்லும்? பந்தயக்காரன் பந்தயம் விட்டே செத்தான் என்றார்கள். குடித்திருந்தான் என்று யாரோ சேர்த்தார்கள். வண்டியை இழுத்து வந்தபோது பின்வார் அறுந்து தொங்கியதை லாயத்து மேஸ்திரி பார்த்தார். "கவுந்தப்ப அறுந்திருக்கும்" என்று சொல்லி, சேணத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டார்.

பின்வார் என்பது குதிரையின் பின்தொடையைச் சுற்றி வருகிற பட்டை. சமவெளியில் அதற்கு வேலை இல்லை. இறக்கத்தில் வண்டி குதிரையின் மேல் ஏறிவிடாமல் தாங்கிப் பிடிப்பது அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி மனைவி மேஸ்திரியிடம் போய், புருஷன் ஓட்டிய வண்டியைத் தானே ஓட்டுவதாகக் கேட்டாள். தினமும் விடியலில் அந்தக் குதிரைக்குச் சேணம் பூட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

"உனக்கு வண்டி குடுத்தா யாரும்மா ஏறுவாங்க? அவன் பேரைச் சொன்னாலே ஜனங்க பயப்படுறாங்க" என்றார் மேஸ்திரி.

அவள் ஒரு சலவைக்கடையில் துணி தேய்க்கப் போனாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாத்தனார் வீட்டுக்கு வருவாள். "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டபடியே படியேறுவாள். இருவரும் அவனைப் பற்றிப் பேசமாட்டார்கள். நூல் சுற்றுவார்கள், காய் நறுக்குவார்கள். பொழுது சாய்ந்ததும் அவள் கிளம்பிப் போவாள்.

அவன் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் மொட்டை என்று எல்லோரும் கூப்பிடும் கிழட்டு வண்டிக்காரர் இரண்டு துண்டாக ஒரு பின்வாரைக் கொண்டுவந்தார்.

"ஆணியில மாட்டினேம்மா. தானா ரெண்டாயிடுச்சு. நான் ஒண்ணும் பண்ணலை."

நூல் விட்டிருக்கும் என்று நினைத்துதான் வாங்கிப் பார்த்தாள். நூல் கெட்டியாக இருந்தது. தோல்தான் போயிருந்தது. பக்கிளின் கம்பியைச் சுற்றித் தோலை மடித்துத் தைப்பார்களே, அந்த மடிப்பிலேயே அறுந்திருந்தது. தையலை வெட்டி மடிப்பை விரித்தாள். உள்ளே கன்னங்கரேல் என்று இருந்தது. நகத்தால் சுரண்டினால் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. வெளிப்பக்கமோ பளபளவென்று இருந்தது. போன மாதம்தான் அவளே எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. குதிரையின் வியர்வை மடிப்புக்குள் இறங்குகிறது. காற்றுப் படாததால் அது காய்வதே இல்லை. அந்த உப்பில் இரும்புப் பக்கிள் துருப்பிடிக்கிறது. துரு தோலைத் தின்கிறது. எண்ணெய் வெளியோடு நின்றுவிடுகிறது. பக்கிளின் நாக்கு வெளியே வருவதற்கு அவள் உளியால் வெட்டிய நீளத் துளையின் இரண்டு மூலைகளிலும் கிழிசல் தொடங்குகிறது. இத்தனையும் தையலுக்குள் நடக்கிறது. யார் கண்ணிலும் படாது.

அன்றே எல்லா வண்டிகளின் பின்வாரையும் கழற்றி வரச் சொன்னாள். ஒவ்வொன்றாகத் தையலைப் பிரித்தாள். பதினொன்று செத்துப்போயிருந்தன. அவற்றைத் தரையில் வரிசையாகப் போட்டுவிட்டு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு லாயத்துக்குப் போய், ஏணி கேட்டு வாங்கி, தானே பரணில் ஏறினாள்.

தம்பியின் பின்வார் அந்தச் சுருளுக்குள்தான் இருந்தது. இரண்டு விரல் அகலப் பட்டை. அறுந்த முனையில் முக்கால் அகலம் கறுத்து, மங்கி, உதிர்ந்துபோயிருந்தது. ஓரமாக ஒரு சின்ன இடத்தில் மட்டும் நார் நாராக நல்ல தோல் கிழிந்திருந்தது. கவிழ்ந்த வேகத்தில் அறுந்திருந்தால் முழு அகலமும் நாராகக் கிழிந்திருக்க வேண்டும். அந்தச் சின்ன ஓரத்தை நம்பித்தான் அன்று அவன் இறக்கத்தில் இறங்கியிருக்கிறான்.

"என்னம்மா, கிடைச்சுதா?" என்று கீழேயிருந்து மேஸ்திரி கேட்டார்.

"கிடைச்சுது" என்றாள். வெகுநேரம் அவள் கீழே இறங்கவில்லை.

அன்றே தம்பி மனைவியிடம் ஓடியிருக்க வேண்டும். போகவில்லை. முதலில் ஓடுகிற வண்டிகளைச் சரி செய்வோம், புது மாதிரி வார் ஒன்று தாங்கி நிற்கட்டும், அப்புறம் போய்ச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வாசலில் கம்பு நட்டு, பழைய மாதிரி ஐந்து வார்களையும் புது மாதிரி ஐந்து வார்களையும் இரும்புக் குண்டு கட்டித் தொங்கவிட்டாள். தினமும் காலையில் உப்புத் தண்ணீரில் நனைப்பாள், பகலெல்லாம் வெயிலில் விடுவாள். புது மாதிரியில் இரும்புக்குப் பதில் பித்தளைப் பக்கிள். கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே மெழுகில் ஊறிய மெல்லிய தோல் துண்டு ஒன்று. துளையின் மூலைகளை உருண்டைத் துளைப்பானால் வட்டமாக்கினாள். மடிப்பைத் தைக்காமல் இரண்டு திருகாணி போட்டாள். வண்டிக்காரன் மாதம் ஒருமுறை கழற்றி, உள்ளே கழுவி, காயவைத்து, எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பி மனைவி கம்புக்கு முன்னால் நின்றாள்.

"எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"தோல் எத்தனை நாள் தாங்குதுன்னு பார்க்கிறேன்."

"எந்த வாரு?"

"பின்வார்."

அவள் இன்னும் ஏதோ எதிர்பார்ப்பவள் போல நின்றாள். வார்க்காரம்மா உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தம்பி மனைவி வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்புக்கு முன்னால் சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

நாற்பத்தோராம் நாள் பழைய மாதிரியில் முதல் வார் அறுந்தது. அறுபதுக்குள் ஐந்தும் விழுந்தன. புதியவற்றில் ஒரு கீறல்கூட இல்லை. கடைசித் துண்டையும் தம்பியின் வாரையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு அவள் தம்பி வீட்டுக்குப் போனாள்.

தம்பி மனைவி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்றாள்.

வார்க்காரம்மா உட்காரவில்லை. "அவன் வேகமா ஓட்டலைம்மா. வார்தான் முதல்ல அறுந்திருக்கு. அதுக்கப்புறம்தான் வண்டி ஓடியிருக்கு. நான் தைச்ச வாரு" என்றாள்.

தம்பி மனைவி கையிலிருந்த சட்டையை மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்தாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியில அவரே சொன்னாரு. 'பின்வார் விட்டுடுச்சு, குதிரை மேலயே வண்டி ஏறிடுச்சு'ன்னாரு. 'அக்காவுக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா அவ உடைஞ்சு போயிடுவா, அப்புறம் ஊசியையே தொடமாட்டா'ன்னாரு. என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினாரு."

வார்க்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பத்து மாசமா ஊரு அவனை அப்படிப் பேசுச்சே. நீ கேட்டுக்கிட்டா இருந்தே?"

"நீங்களும்தான் பேசினீங்க" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "வார் அறுந்ததுக்கு நான் உங்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். தெரிஞ்சா அப்படித் தைச்சிருப்பீங்க? ஆனா அத்தனை பேர் முன்னாடி அவரோட அவசரம்னு சொன்னது நீங்கதான். சாகப்போற நேரத்துலயும் அவரு உங்களை விட்டுக்குடுக்கலை. நீங்க அவரை விட்டுக்குடுத்துட்டீங்க."

வார்க்காரம்மா துணியைப் பிரித்து, தம்பியின் வாரை அவள் முன்னால் வைத்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ரெண்டு மாசம் ஆச்சு."

அவள் தலையை ஆட்டினாள். "அந்தக் கம்பைப் பார்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சத்தியம் பண்ணினதால நானா வாய் திறக்க முடியாது. நீங்களா சொல்லுவீங்க, இன்னிக்குச் சொல்லுவீங்கன்னுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்தேன்." சொல்லி முடிக்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கையில் அகப்பட்ட துணியை முகத்தில் அழுத்திக்கொண்டாள். வார்க்காரம்மா அவள் தோளைத் தொடப் போனாள். அவள் விலகிக்கொண்டாள்.

மறுநாள் காலை, வண்டிகள் கிளம்புவதற்கு முன், லாயத்து முற்றத்தில் வார்க்காரம்மா அறுந்த முனைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேஸ்திரி கிட்டே வந்து, "இதை எல்லார் முன்னாடியும் சொல்லித்தான் ஆகணுமா? பொழப்பு போயிடும்மா" என்றார்.

"அழுததை எல்லார் முன்னாடியும்தானே அழுதேன்" என்றாள்.

நடந்ததைச் சொன்னாள். கறுத்த இடத்தையும் நாராகக் கிழிந்த இடத்தையும் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினாள். குடித்திருந்தான் என்று சொன்னவரும் அங்கே இருந்தார். அவர் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுத்தார். மொட்டை மட்டும், "எங்க எல்லார் உசிரும் அதே நூல்லதானே தொங்கிட்டு இருந்துச்சு" என்றார். சிலர் அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போனார்கள். ஒரு வருடத்தில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். அந்த வார் மாதிரி வேறெங்கும் கிடைக்கவில்லை.

வாத்தியார் ஊன்றுகோலோடு தம்பி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாராம். மேஸ்திரியும் போனார். அந்த மாதக் கடைசியில் தம்பி மனைவி புருஷனின் குதிரையைப் பூட்டி, அவன் உட்கார்ந்த பலகையில் உட்கார்ந்தாள்.

முன்பெல்லாம் ஒரு பின்வார் ஒன்றரை வருடம் வந்தால் பெரிய விஷயம். புது வார் ஐந்து வருடம் உழைத்தது. அந்த ஐந்து வருடத்தில் லாயத்தில் ஒன்றுகூட அறுந்துபோகவில்லை. வண்டிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். ஒவ்வொரு தடவை யாராவது பாராட்டும்போதும் அவள் வேறு எங்கேயாவது பார்ப்பாள். ஒரு பித்தளைப் பக்கிள், ஒரு துண்டு மெல்லிய தோல், இரண்டு திருகாணி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதெல்லாம் தம்பி பெஞ்சில் உட்கார்ந்து அரட்டை அடித்த நாட்களிலும் அவள் இழுப்பறையில்தான் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது யாரும் படியேறி வருவதில்லை. ஆனால் மாதம் ஒருமுறை, வார் பார்க்கும் நாளில், தம்பி மனைவி மற்ற வண்டிக்காரர்களோடு வரிசையில் நின்று பின்வாரைப் பெஞ்சில் வைப்பாள். "கொஞ்சம் பாருங்க, வார்க்காரம்மா" என்பாள். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது திருப்புளி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. இப்போது பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. விழுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் அவள் கடைசி ஆளாக வந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. வார்க்காரம்மா திருகாணிகளைக் கழற்றி, மடிப்பை விளக்கொளியில் விரித்து, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். தோல் புதுசு மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கும்மா. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை."

"சரிங்க."

"மழை விடட்டுமே. உள்ள வந்து உட்காரு."

அவள் வாசலில் நின்றபடி பெஞ்சைப் பார்த்தாள். ஒரு நொடி, வந்துவிடுவாள் போல இருந்தது.

"குதிரை நனையுது" என்று சொல்லிவிட்டு வாரை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வார்க்காரம்மா வாசலுக்கு வந்தாள். தம்பி மனைவி மழையில் நின்று வாரைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, வண்டியில் ஏறினாள். வண்டி சந்தை மேட்டைத் தாண்டி இறக்கத்தில் மெல்ல இறங்கியது. குதிரையின் பின்தொடையில் வார் இறுகி நின்றது. வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வார்க்காரம்மா உள்ளே வந்தாள். நனைந்த கைகளைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வண்டிக்கான தோலை வெட்ட உட்கார்ந்தாள்.