பல் கூசும் சத்தம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைச் சந்திரலேகா முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற கார் கத்தத் தொடங்கியது. மேளக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். பந்தலில் இருந்த சனம் காதைப் பொத்திக்கொண்டது. பெட்டிக்குள் அவள் புருஷன் கோவிந்தராசு மட்டும் சும்மா படுத்திருந்தார்.

அந்தச் சத்தம் அவர் பண்ணிவைத்த வேலைதான். விருத்தாசலம் ஜங்ஷன் வாசலில் நிறுத்திய முதல் வாடகைக் காரை எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த கார் வாங்கியதும், முன்பு வேலை பார்த்த செராமிக் கம்பெனிக்குப் போனார். சுட்டெடுத்த தட்டின் மேல் இரும்புத் தகட்டை இழுக்கச் சொல்லி, அந்தக் கிறீச்சை போனில் பிடித்துவந்து காருக்குள் ஸ்பீக்கர் வைத்தார். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். அதை அணைக்காமல் கிளப்பினால், சாவியே கையில் இருந்தாலும் கத்தும். சாவியைப் பிடுங்கினாலும் ஓயாது.

“சைரன்னா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். பல்லு கூசுனா, என்னை அடிக்கவாவது நாலு பேரு வெளிய வருவாங்க” என்பார்.

“கருமம், இத கேக்கறதுக்குக் காரு திருடு போனாலே தேவல” என்று அவள் திட்டாத நாளில்லை.

எழுந்து எட்டிப் பார்த்தாள். டிரைவர் சீட்டில் கொழுந்தன் ராஜ்மோகன். காலையில்தான் கேட்டிருந்தான். “காரு எங்க வூட்டுல நிக்கட்டும் அண்ணி. இங்க கூட்டத்துல கீறிடுவானுங்க.” அவள் சாவியை எடுத்துக் கொடுக்கவில்லை. மாமனாரின் டிராக்டரும் அப்படி நிற்கப் போனதுதான், இன்னும் அங்கேதான் நிற்கிறது. ஒரு டிரைவரைப் போட்டு இந்தக் காரை ஓட்டினால்தான் மகள் இளமதியின் படிப்பு ஓடும். ஆணியில் தொங்கிய சாவியை, அவள் அழுதுகொண்டிருந்த நேரம் பார்த்து எடுத்திருக்கிறான். நிம்மதியாக அழக்கூட விடமாட்டார்களா என்று வயிறெரிந்தது.

ராஜ்மோகன் வியர்த்துப்போய் உள்ளே வந்தான்.

“பூ வாங்கிட்டு வரலாம்னு எடுத்தேன் அண்ணி.”

பெட்டியின் மேல் மாலைகள் குவிந்து கிடந்தன.

“இத எப்படி நிறுத்தறது?”

“உங்க அண்ணனத்தான் கேக்கணும்.”

இளமதி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். சுவிட்ச் இருக்கும் இடம் அவளுக்கும் தெரியும். மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. “சாவு வூட்டுல யாருப்பா வண்டிய எடுத்தது?” என்று பந்தலில் ஒரு பெரியவர் கேட்டார். ராஜ்மோகன் சாவியை அண்ணியின் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனான்.

சந்திரலேகா சாவியோடு போய்ச் சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். சத்தம் நின்றது. வழக்கம்போலத் திட்ட வாயெடுத்தாள். கேட்க ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு சுவிட்சை மறுபடி போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியில் திரும்பவும் ஈரம் படிந்திருந்தது. அவர் முகம் தெரியும் அளவுக்குத் துடைத்தாள்.